பாதி கடித்த பேரிக்காய்

"பேரிக்காயைத் தின்னது ஒரு குத்தமா? ஊரு உலகத்துல யாரும் பேரிக்காய் தின்னதே இல்லையா?"

"தின்னுட்டு கேள்வி வேறயா? மூடி போட்ட டப்பா, உள்ள ஈரத்துணி, அதுக்குள்ள பத்திரமா..."

"அதைத்தான் நானும் சொல்றேன். அவ்வளவு பத்திரமா வச்சிருந்தியா, சரி, நமக்காகத்தான் போலன்னு..."

"பாதி கடிச்சிருந்தது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. அதனாலதான் தின்னேன். கல்யாணமான புதுசுல எனக்குப் பாதி கடிச்சுத்தானே குடுப்ப? சரி, பழைய ஞாபகம் வந்துடுச்சு போலன்னு..."

வீட்டின் மூத்த மருமகளான பெரியவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முந்தும் என்று தெரியாமல் ஃப்ரிட்ஜ் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"அது உங்க தம்பி பெண்டாட்டி கடிச்ச பேரிக்காய்!"

கணவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது.

"அவ கடிச்சதை நீ ஏன் நம்ம வீட்டு ஃப்ரிட்ஜில வச்சே?"

அது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் போன வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும்.

போன வருஷ விடுமுறையில் அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் அம்மாவுக்கு ஆளுக்கொரு மசாஜ் நாற்காலி வாங்கிக்கொண்டு போய் இறக்கினார்கள். ஒரே கம்பெனி, ஒரே நிறம். யாருடையதை முதலில் உள்ளே கொண்டுபோவது என்று மாடிப்படியில் நடந்த சண்டையை எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த இரண்டு மசாஜ் நாற்காலிகளிலும் துணிதான் காய்கிறது.

அதனால்தான் இந்த வருஷம் மாமியார் சட்டம் போட்டார். வீட்டில் அவருக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் ஹெட் ஆபீஸ்.

"கடைச் சாமான் எதுவும் என் வாசப்படியைத் தாண்டக் கூடாது. கையால ஏதாவது செய்யுங்க. கை வராதவங்க வாயால ஏதாவது செய்யுங்க. ரெண்டும் வராதவங்க சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். யார் பெயர் யாருக்கு என்பது கடைசி நாள் மதியச் சாப்பாடு வரைக்கும் பரம ரகசியம். பெரியவள் பிரித்த சீட்டில் தம்பி மனைவி சின்னவளின் பெயர் இருந்தது.

சின்னவள் போட்டோகிராபர். கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா, எதுவென்றாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண மேடையில் கூட்டம் முழுவதையும் படத்துக்குள் அடக்குவதற்காகப் பின்னாலேயே நடந்து நடந்து, மேடை முடிந்த இடத்திலும் நடந்துவிட்டாள். கேமராவுக்கு ஒரு கீறல் இல்லை. மேல்வரிசை முன்பல் ஒன்றுதான் போனது. பல் டாக்டர் நாற்காலியைத் தூரத்தில் கண்டாலே ஓடிவிடுவாள் அவள். அன்றைக்குப் பொத்திய வாய்தான், இன்றுவரை கையை எடுத்துச் சிரித்ததில்லை.

பெரியவளுக்கு வேலையே பல் கட்டுவதுதான். ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் மெழுகும் மாவுக்கட்டு மாவுமாக உட்கார்ந்து, முகம் தெரியாத எத்தனையோ பேருக்குச் சிரிப்பு செய்து கொடுக்கிறவள். வேறு என்ன பரிசு தோன்றும் அவளுக்கு?

"பல்லா?" எல்லாவற்றையும் கேட்ட கணவர் கட்டிலில் உட்கார்ந்தே விட்டார். "பரிசா... பல்லா?"

"ஆமா."

"ஒரு பொம்பளைக்கு, நாலு பேர் நடுவுல, டப்பாவைத் திறந்து, இந்தாம்மா உனக்கு இல்லாததுன்னு நீட்டப் போறியா? ஏற்கெனவே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சு அளந்துதான் ஓடுது. இதோட சுத்தம்."

இதே பயம்தான் பெரியவளுக்கும். ஒரு மாதமாக அவளுக்கும் சின்னவளுக்கும் இடையில் ஏதோ ஒரு சில்லிப்பு. காரணம் தெரியவில்லை. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இந்த நேரத்தில் பல்லைக் கொடுத்தால் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொண்டால்?

"அதெல்லாம் அப்புறம். அளவு வேணும் எனக்கு. கண்ணளவுல மூணு பல் செஞ்சு வச்சிருக்கேன். ஒண்ணு அகலம், ஒண்ணு நடு, ஒண்ணு ஒடிசல். எது சேரும்னு அந்தப் பேரிக்காயைப் பார்த்தாத்தான் தெரியும். நேத்து அத்தை வீட்டுச் சமையலறையில அவ கேமரா பை பக்கத்துல இருந்தது. கடிச்ச இடத்துல நடுவுல ஒரு பல்லுக்கு மட்டும் தடம் இல்ல, சதை அப்படியே வரப்பு மாதிரி நின்னுது. அதைத்தான் நீங்க..."

"ருசியாத்தான் இருந்தது," என்றார் கணவர் மெதுவாக.

"பேசாதீங்க."

"எங்க போற? மதியம் எல்லாரும் அம்மா வீட்டுல கூடணும். அம்மா வேற ஒரு வாரமா யார்கிட்டயும் வாய் திறந்து பேசல, என்ன கோபமோ தெரியல. நேரத்துக்குப் போகலன்னா..."

"இன்னொரு கடி வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, இரண்டு ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு பெரியவள் செருப்பை மாட்டினாள்.

*

சின்னவளின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் கணவன் முடி திருத்தும் கடைக்காரன்; விடுமுறை நாள் என்றால் கடையில் தலைகள் வரிசை கட்டும், விடிந்ததும் போயிருந்தான். சின்னவள் தரையில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா." எழுந்தாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. "என்ன, காலங்காத்தால?"

"சும்மாதான். ஆப்பிள் நல்லா இருந்தது. இந்தா, கடி."

"அப்புறம் சாப்பிடறேன்."

"இப்பவே கடியேன். என் கண்ணு முன்னால."

சின்னவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "விஷம் கிஷம் வச்சிருக்கீங்களாக்கா?"

"சீ! பெரிசா ஒரு கடி கடின்னா..."

சின்னவள் ஆப்பிளை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் தட்டு. தட்டில், காகிதம்போல மெல்லிசாக நறுக்கிய துண்டுகள். ஒன்றை எடுத்துக் கடைவாய்க்குள் ஒதுக்கி மென்றாள்.

பெரியவளுக்குப் பொறி தட்டியது.

அட! முன்பல் போனவள் முன்பல்லால் கடிப்பாளா? இரண்டு வருஷமாக இவள் எதைக் கடித்திருக்கிறாள்? ரொட்டியைப் பிய்த்துத்தான் போடுவாள். பழம் என்றால் கத்திதான். இத்தனை காலம் பல்லோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு இது உறைக்கவில்லையே!

"அப்ப அந்தப் பேரிக்காய் உன்னோடது இல்லையா?" என்று கேட்டே விட்டாள்.

"எந்தப் பேரிக்காய்?"

இனி மறைப்பதற்கு வழியில்லை. அந்தப் பேரிக்காயை நம்பிப் பல் கட்டியிருந்தால் யாருடைய வாய்க்கோ கட்டியிருப்பாள். தின்று தீர்த்த புண்ணியவான் வாழ்க! பெரியவள் தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தாள். திறந்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

பஞ்சு மேல் மூன்று பல்.

"மதியம் எல்லார் முன்னாடியும் குடுக்கலாம்னு இருந்தேன். முடியாது போலிருக்கு. உன் வாயைப் பார்க்காம இதை முடிக்க முடியாது. உனக்குப் பிடிக்கலன்னா இப்பவே மூடி எடுத்துட்டுப் போயிடறேன். யாருக்கும் தெரியாது. நான் சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போறவங்க வரிசையில உக்காந்துக்கிறேன்."

சின்னவள் டப்பாவைப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்தாள்.

"அக்கா."

"சொல்லு."

"ஒரு மாசமா நீங்க என் வாயையா பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"வேற எதைப் பார்ப்பேன்?"

"ஐயோ!" சின்னவள் எழுந்து ஓடிப்போய் கேமராவை எடுத்து வந்தாள். "இதைப் பாருங்க. இது வீட்டு விசேஷத்துல எடுத்தது. இது கடைத் திறப்புல. இது போன வாரம். எல்லாத்துலயும் மத்தவங்க லென்ஸைப் பார்க்கறாங்க. நீங்க மட்டும் கொஞ்சம் கீழ பார்க்கறீங்க. முறைச்சு முறைச்சு! நான் என்னமோ தப்பாப் பேசிட்டேன், அக்காவுக்கு என் மேல கோபம்னு நெனச்சு ராத்திரி எல்லாம் யோசிச்சேன்."

"அது நிறம் பார்த்தேன்டி! பக்கத்துப் பல்லு என்ன நிறம்னு. நீ கையை எடுத்தாத்தானே?"

"அப்ப அந்த ஜோக்கு?"

"எந்த ஜோக்கு?"

"பார்க்கற நேரமெல்லாம் ஒண்ணு சொல்வீங்களே. யானை லிஃப்ட்ல ஏறின ஜோக்கு. அதை மட்டும் மூணு தடவை சொன்னீங்க!"

"ஒவ்வொரு தடவையும் நீ சிரிச்சா ஒரு கண்ணளவு நிறம் கிடைக்கும்ல?"

"அது எவ்வளவு மட்டமான ஜோக்கு தெரியுமாக்கா?"

"எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல கேட்டது. லிஃப்ட் ரிப்பேர் பண்றவங்க ஜோக்கு அப்படித்தான் இருக்கும்."

சின்னவள் சிரித்தாள். முதலில் கை வாய்க்குப் போனது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொள்ள அந்தக் கை தேவைப்பட்டது. வாய் திறந்தே இருந்தது. பெரியவள் அந்தச் சந்தர்ப்பத்தை விடாமல் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

"நடு," என்றாள்.

"என்னது?"

"நடு அளவுதான் சேரும். எழுந்திரு. சாவி என்கிட்ட இருக்கு."

சின்னவளின் சிரிப்பு நின்றது. "ஆஸ்பத்திரிக்கா?"

"ஆஸ்பத்திரி இன்னைக்கு லீவு. பின்னறைக்கு. டாக்டர் இல்ல, அந்த நாற்காலி இல்ல."

"ஊசி?"

"இல்ல."

"அந்த கொர்ர்ர்னு ஒரு மெஷின்?"

"உன் வாய்ல வைக்க மாட்டேன். அச்சு எடுக்க ஒரு பேஸ்ட், அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"யானை ஜோக்கு மேல சத்தியம்."

*

பின்னறையில் எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு படிந்திருந்தது. அலமாரி முழுக்க மாவுத் தாடைகள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது. சின்னவள் அவற்றைப் பார்த்தவாறே முக்காலியில் ஒண்டிக்கொண்டாள்.

பெரியவள் ரப்பர் கிண்ணத்தில் பொடியைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மளமளவென்று குழைத்தாள். வளைந்த தகட்டில் அள்ளி, "ஆ காட்டு" என்றாள். தகடு மேலே போய் அமர்ந்தது.

"மூக்கால மூச்சு விடு. தலையைக் குனிஞ்சுக்கோ. இது இறுகற வரைக்கும் நீ பேச முடியாது. அதனால நான் பேசறேன். குறுக்கே பேசாம நீ கேக்கப் போற ஒரே நேரம் இதுதான்."

"ம்ம்ம்!" என்றாள் சின்னவள், எதிர்ப்பாக.

"போன மாசம் நம்ம வீட்டு ஆல்பத்தைப் புரட்டினேன். அத்தை இருக்காங்க. என் வீட்டுக்காரர் இருக்கார், உன் வீட்டுக்காரர் இருக்கார், நான் இருக்கேன். அந்த ரெண்டு மசாஜ் நாற்காலி கூட இருக்கு. நீ எங்கேன்னு தேடினேன். ஒண்ணுல கூட இல்ல. ரெண்டு வருஷமா இந்த வீட்டுல நீ இல்லவே இல்லன்னு யாராவது சொன்னா ஆல்பத்தைப் பார்த்து நம்பிடுவாங்க. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சீட்டுல உன் பேர் வந்தப்ப எனக்கு வேற எதுவுமே தோணல. அடுத்த படத்துல நீ இருக்கணும். அவ்வளவுதான் என் பரிசு. பல்லு சும்மா ஒரு சாக்கு."

"ம்ம்," என்றாள் சின்னவள். இந்த முறை எதிர்ப்பு இல்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அழாத. மூக்கு அடைச்சா மூச்சு விட முடியாது."

"ம்ம்ம்ம்!"

பேஸ்ட் இறுகியதும் பெரியவள் தகட்டை ஒரே இழுப்பில் எடுத்தாள். சின்னவள் பேசிய முதல் வார்த்தை:

"துணி குடுங்கக்கா, மூக்கு ஒழுகுது."

அச்சுக்குள் மாவு ஊற்றி, அது இறுகும்வரை இரண்டு பேரும் நறுக்கிய ஆப்பிளைத் தின்றார்கள். பெரியவளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்க இருக்க? அம்மா கடிகாரத்தையே பார்க்கறாங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டினாக் கூடப் பரவாயில்ல. கையாலயே சைகை காட்டறாங்க. சீக்கிரம் வா."

"கொஞ்சம் சமாளிங்க. பேரிக்காய்க்குப் பிராயச்சித்தம்னு வச்சுக்கோங்க."

ரோஸ் நிறப் பொடியைக் குழைத்து மெல்லிய தகடாக்கி, நடு அளவுப் பல்லை அதில் பதித்து, குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்தில் வைத்து எடுத்தாள். பளபளப்பாக்கும் மோட்டாரைப் போடும்போது சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் எழுந்து ஓடவில்லை.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"முன்பல்லு போனவங்க கடிக்க மாட்டாங்கன்னா, அந்தப் பேரிக்காயைக் கடிச்சது யாரு?"

"பல்லு போய் நாளானவங்கதான் கடிக்க மாட்டாங்க. இப்பத்தான் போயிருந்தா, பழக்கத்துல மறந்துபோய்க் கடிச்சிடுவாங்க. கடிச்ச அப்புறம்தான் ஐயோன்னு வச்சிடுவாங்க." பெரியவள் பல்லை விளக்கில் காட்டித் திருப்பிப் பார்த்தாள். "யாரோ. விடு. ஆ காட்டு."

தகடு 'டக்' என்று உட்கார்ந்தது. கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். சின்னவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கேமராவை முகத்துக்கு நேராகத் திருப்பி, தன்னைத் தானே ஒரு படம் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

*

இரண்டு பேரும் மாடியேறிப் போனபோது கூடம் கல்யாண வீடாக இருந்தது. பெரியவளின் கணவர் பால்கனியில் பழைய லிஃப்டின் உருளையை மாட்டி, கயிறு கட்டி, கூடை தொங்கவிட்டிருந்தார். கீழே காய்கறி வண்டி வந்தால் அம்மா இனி படி இறங்க வேண்டாம், கூடை இறங்கும். அதற்கு ஒரு மணி வேறு. முடி திருத்தும் தம்பிக்கு வந்த சீட்டில் அண்ணன் பெயர். அண்ணன் தலையில் வெட்ட ஒன்றும் இல்லாததால், வருஷம் முழுக்க வாராவாரம் தலை தேய்த்து விடுவதாக வாக்கு. முதல் தவணை அப்போதே நடந்துகொண்டிருந்தது.

"அண்ணி, லேட்டு! ஹெட் ஆ... அம்மா காத்துக்கிட்டிருக்காங்க," என்றான் தம்பி, எண்ணெய்க் கையோடு. பிறகு மனைவியைப் பார்த்தான். கை அண்ணன் தலையிலேயே நின்றுவிட்டது. "ஏய்... என்னடி இது?"

சின்னவள் சிரித்தாள். கை எங்கும் போகவில்லை.

"தேய்டா," என்றார் அண்ணன் கண்ணை மூடியபடி. "ஏன் நிறுத்திட்ட?"

"அண்ணா, கண்ணைத் திற! கண்ணைத் திறந்து பாரு!"

அடுத்து நடந்த களேபரத்தில் சின்னவளை ஆளுக்கொரு பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். "இன்னொரு தடவை சிரி", "விசில் அடிச்சுப் பாரு", "வலிக்குதா?" என்று கேள்விகள். சின்னவள் யானை ஜோக்கைச் சொல்லி அதற்குத் தானே சிரித்தும் காட்டினாள். மூன்று பல் செய்த கதையையும், பேஸ்ட்டை வாயில் வைத்துக்கொண்டு அக்காவிடம் மாட்டிக்கொண்ட கதையையும் அவள் நடித்துக்காட்டியபோது, பேரிக்காய் வரும் இடத்தில் மட்டும் பெரியவளின் கணவர் பலமாக இருமினார்.

மாமியார் துணி காயும் நாற்காலிக்குப் பக்கத்தில், முந்தானையால் வாயைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியவளின் தகர டப்பா டீப்பாயின் மேல் திறந்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு பல்லையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் நில்லுங்க, படம்!" என்றாள் சின்னவள்.

"நீ எடுத்தா நீ எப்படி வருவ?" என்றான் தம்பி.

"டைமர் வச்சா தானா எடுக்கும்."

"டைமரா? இத்தனை நாளா அது இருக்கா அதுல?"

"எப்பவும் இருந்தது," என்று சொல்லிவிட்டு, அவள் ஓடிவந்து பெரியவளின் பக்கத்தில் நின்றாள். சிவப்பு விளக்கு மினுக்கியது. க்ளிக்.

எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர, சின்னவள் மட்டும் கேமராவைப் பிடித்தபடி நின்றாள். சின்னத் திரையைப் பெரிதாக்கினாள். பெரியவளின் முழங்கையை மெல்ல இடித்தாள்.

"அக்கா. இதைப் பாருங்க. எல்லாரும் சிரிக்கறோம். அத்தை உதட்டைப் பாருங்க." குரலைத் தாழ்த்தினாள். "இது கோபம் இல்லக்கா. இந்த மாதிரி உதட்டை மூடிக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் நான் அப்படித்தான் மூடியிருந்தேன்."

பெரியவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து மாமியாரைப் பார்த்தாள். மாமியாரும் அவளைப் பார்த்தார். படம் முடிந்ததும் மறுபடி வாய்க்கு ஏறியிருந்த முந்தானை, மெதுவாக மடிக்கு இறங்கியது; உதடும் பிரிந்தது. மேல்வரிசையில், நடுவில், ஒரு பல் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டாக ஒரு ஜன்னல்.

பால்கனியில் கூடைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்த பெரிய மகனின் முதுகைப் பார்த்து, ஹெட் ஆபீஸ் அந்த வாரத்தின் முதல் கேள்வியைக் கேட்டார்:

"அது இருக்கட்டும்டா. நேத்து சாயந்தரம் ஒரு பேரிக்காயைப் பாதி கடிச்சு சமையலறையில வச்சேன், அதை எடுத்தது யாரு?"